யாருக்குங்க இந்த மாத்திரை?

பொள்ளாச்சி சாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெடிக்கலில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"யாருக்குங்க இந்த மாத்திரை? தைராக்சின் காலைல 600, சாயங்காலம் 600 மைக்ரோகிராம்னு போட்டிருக்குது. டாக்டரு கை தவறி எழுதீட்டாருங்களா?"

"இல்லீங்க. நம்ம ராணிக்கு. லேப்ரடார். முப்பது கிலோ."

"அட, நாய்க்குங்களா!" என்று சிரித்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

அவர் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. தைராய்டு சுரப்பு அடியோடு நின்றுபோன அறுபது கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம் போதும். முப்பது கிலோ நாய்க்கோ, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் இருவேளைக்கு 1,200 ஆகிறது. நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சியதையும் உடல் வேகமாக வெளியேற்றிவிடும். மாத்திரை ஒன்றுதான், உடல்தான் வேறு. நூறு மாத்திரை கொண்ட 100 மைக்ரோகிராம் டப்பா மனிதருக்கு மூன்று மாதம் வரும். ராணிக்கு எட்டே நாள்.

அன்றைக்குக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கிலிருந்துதான் இந்தக் கட்டுரை கிளம்பியது. "நூறுல ஆறு கொடுக்கறதுக்கு நூத்தியம்பதுல நாலு கொடுங்க. நூத்தியம்பது மாத்திரை ஒன்றரை மடங்கு விலையெல்லாம் இல்லீங்க." மாத்திரையின் விலை அதிலுள்ள மருந்தின் எடைக்கு ஏற்றபடி ஏறுவதில்லை. அச்சு, அட்டை, லாரி வாடகை, கடைக்காரர் பங்கு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். மருத்துவரிடம் போனில் கேட்டேன். தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். மருந்தும் மாறவில்லை, அளவும் மாறவில்லை, மாதச் செலவு மட்டும் இறங்கியது.

நாய்க்கு எழுதிய சீட்டை மனிதர்களுக்கான மெடிக்கலில் நீட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்ற சொல்லுக்குள் கால்நடை மருத்துவரும் அடங்குகிறார். சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 65-ஆவது விதி, மருந்து விலங்குக்கு என்றால் அதன் உரிமையாளர் பெயரும் முகவரியும் எழுதப்பட வேண்டும் என்கிறது. விலங்குக்கான சீட்டு மெடிக்கலுக்கு வரும் என்று சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனால் எதிர்த்திசையில் பாதை கிடையாது. விலங்குக்கென்றே செய்த மருந்தின் அட்டையில் வீட்டு விலங்கின் தலைப் படமும், மனிதருக்கு அல்ல என்ற எச்சரிக்கையும் இருந்தாக வேண்டும். மாட்டு மருந்தை மனிதர் தின்னக் கூடாது. மனித மருந்தை மருத்துவர் சொன்னால் மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கலாம்.

இந்தச் சுதந்திரம் எல்லா நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் அந்த விலங்குக்கென்றே உரிமம் பெற்ற மருந்து இருக்கும்போது, விலை குறைவு என்பதற்காக மட்டும் மனித மருந்தை எழுத மருத்துவருக்கு அனுமதி இல்லை. அங்கே செல்லப்பிராணி மருத்துவச் செலவு பெரிய புகாராகி, போட்டி ஆணையம் 2024-இல் முறையான விசாரணையில் இறங்கியது. மருந்தை வெளியே வாங்கினால் மலிவாக இருக்கலாம் என்பதை மருத்துவமனையே சொல்ல வேண்டும், சீட்டு எழுதித் தரும் கட்டணத்துக்கு 16 பவுண்டு உச்சவரம்பு வேண்டும் என்று 2025 அக்டோபரில் தன் தற்காலிக முடிவாக அறிவித்தது. சீட்டு எழுதித் தரவே தனிக் கட்டணமா என்று நமக்குத் தோன்றும். நம் ஊரில் கேட்டால் எழுதித் தருகிறார்கள். கேட்கத்தான் மாட்டேன் என்கிறோம்.

கேட்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. நகரத்தின் செல்லப்பிராணி கிளினிக்குகளில் மருத்துவரின் மேஜைக்குப் பின்னாலேயே மருந்து அலமாரி இருக்கும். மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. கிராமங்களில் அந்த விலக்குதான் மாடுகளைக் காப்பாற்றுகிறது. வண்டிப் பெட்டியில் ஊசி மருந்தோடு வரும் மருத்துவரிடம், சீட்டு கொடுங்கள், அன்னூர் போய் வாங்கிவருகிறேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நகரத்தில் கதை வேறு. என் அனுபவத்தில் ஒரு கிளினிக்கில் கையில் கொடுத்த மூன்று பாட்டில்களில் எதற்குமே சீட்டில் பெயர் இல்லை. 'சிரப் 5 மில்லி, சிரப் 2 மில்லி' என்று மட்டும் இருந்தது. பெயர் தெரியாத மருந்தை ஒப்பிட முடியாது, வேறு இடத்தில் வாங்க முடியாது. நாளை நாய்க்கு ஒவ்வாமை வந்தால் எதனால் என்று அடுத்த மருத்துவரிடம் சொல்லவும் முடியாது. "மூலப்பெயரை எழுதிக் கொடுங்கம்மா" என்று கேட்டதும் அங்கிருந்த இளம் மருத்துவர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். மூன்றில் ஒன்று வைட்டமின், ஒன்று கல்லீரல் டானிக். மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்.

பிராண்டு பெயருக்குப் பின்னால் இருக்கும் இந்த மூலப்பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும்? நாய்க்கும் பூனைக்கும் அடிக்கடி எழுதப்படுகிற டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலம், பிரெட்னிசோலோன், ஃப்ரூசமைடு, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன், ராணி தின்னும் தைராக்சின் எல்லாமே மனிதர்களுக்கான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அந்தப் பட்டியலில் இருந்தால் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலையைச் சராசரி பார்த்து, சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து வருகிற தொகை அது. ஆக, மனிதருக்காகப் போட்ட கடிவாளத்தின் பலன் நாய்க்கும் கிடைக்கிறது. இறைச்சி மணம் சேர்த்து, எலும்பு வடிவத்தில் செய்து, பத்து கிலோ நாய்க்கு ஒரு பெட்டி, இருபது கிலோ நாய்க்கு ஒரு பெட்டி என்று பிரித்து விற்கும் மருந்துக்கு அந்தப் பலன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடும் நாய் வைத்திருப்பவர்களுக்கு அந்த மணத்துக்குக் கொடுக்கிற காசு தகும்.

உச்சவிலைக்கும் கீழே வாங்க இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, மத்திய அரசின் மக்கள் மருந்தகம். மற்றொன்று, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் ஒரே நாளில் 1,000 கடைகளாகத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகம். இரண்டிலும் மூலப்பெயர் மருந்துதான் பிரதானம். சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்கே போய் நின்றும் பயனில்லை. போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வலிப்பு நாய்க்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோனை விலை பார்த்து அடிக்கடி கம்பெனி மாற்றாதீர்கள். ரத்தத்தில் அளவு ஏறி இறங்கினால் வலிப்பு திரும்பும். கையிருப்பு தீர்ந்து இரண்டு நாள் நின்றால் முன்னைவிட மோசமாகவே வரும்.

விலையைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது எடை.

கிணத்துக்கடவு பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்துச் சாளையில் கருப்பன் என்றொரு காவல் நாய். உண்ணிக் காய்ச்சலில் விழுந்தது. கொங்குப் பகுதித் தோட்டங்களில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. எர்லிக்கியா என்ற கிருமியை அது நாயின் ரத்தத்தில் ஏற்றிவிடும். மூக்கில் ரத்தம் வரும், ஈறு வெளுக்கும், சோறு இறங்காது. மருந்து டாக்சிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். "எடை எவ்வளவு இருக்கும்?" என்று போனில் மருத்துவர் கேட்க, நண்பர் கருப்பனை ஏற இறங்கப் பார்த்து, "முப்பது இருக்குமுங்க" என்றார். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 300 மில்லிகிராம், மூன்று கேப்சூல், மொத்தம் 84.

எனக்குச் சந்தேகம். பக்கத்துக் கொப்பரைக் களத்தில் மூட்டை நிறுக்கும் மின்தராசு இருந்தது. நண்பர் கருப்பனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தால் இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. மயிர் அடர்ந்த நாய், பார்வைக்கு அரை மடங்கு கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு கேப்சூல், 56 போதும். மூன்றில் ஒரு பங்கு மருந்து தராசில் மிச்சமானது. கருப்பனுக்கும் வாந்தி மிச்சம்.

ஆனால் ஒரு வாரமாகியும் காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை. விசாரித்தால், நண்பரின் அம்மா கேப்சூலைத் தயிர்ச்சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். "கசக்குமல்லோ, அதுதான் தயிருல கொடுத்தேன் கண்ணு." பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். அதன்பின் கறிக்குழம்புச் சோற்றில் போனது. மேலே தண்ணீரும் குடிக்க வைத்தார்கள். இந்தக் கேப்சூல் வெறும் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பூனைக்கு அந்த இடம் சுருங்கி, விழுங்கவே முடியாமல் போவதுண்டு. விலை குறைத்து வாங்கிய மருந்தைத் தயிரில் கரைத்து வீணாக்குவதைப் பற்றி எந்த மெடிக்கலிலும் எழுதி ஒட்டியிருக்கக் காணோம்.

நாய்க்கான குடற்புழு மாத்திரையில் பல, பத்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. அங்கேயும் தராசு காசைக் காக்கும். நடுவில் கோடு போட்ட மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். மேல்பூச்சு போட்டுச் செய்த மாத்திரையை உடைத்தால் அந்தப் பூச்சின் நோக்கம் போய்விடும்.

மூலப்பெயரும் எடையும் கைவந்த பிறகு சிலருக்கு ஒரு துணிச்சல் வருகிறது. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். பூனைக்குக் காய்ச்சல், ஒரு பாரசிட்டமால் கொடுத்தால் என்ன? நான்கு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே எமன். நம் கல்லீரல் பாரசிட்டமாலைக் கழிக்கும் வழி பூனைக்கு ஏறக்குறைய இல்லை. ரத்தம் பழுப்பேறி மூச்சுத் திணறும். நாய்க்கு டைக்ளோஃபினாக்கும் ஐபுப்ரோஃபனும் வயிற்றில் ஓட்டை போடும். தோட்டங்களில் நடக்கும் இன்னொன்று, மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைச் சொறி பிடித்த நாய்க்கும் போடுவது. அந்தக் குப்பியில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. பத்து கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று மருத்துவர் சொன்னால் வருவது 0.2 மில்லி. புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. கோலி இன நாய்கள் பலவற்றுக்குச் சரியான அளவே மூளையைத் தாக்கும். சர்க்கரை நோய்ப் பூனைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சிரிஞ்சைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் சேர்ந்தே புழங்குகின்றன. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால் உள்ளே போவது ஐந்து யூனிட்.

மலிவு மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் படிக்க, கொங்கு நாட்டுக்காரர்கள் தொலைவு போகவேண்டியதில்லை. சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஒரு காலத்தில் நாடெங்கும் கோடிக்கணக்கில் இருந்த பறவை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் அதன் எண்ணிக்கை 99.9 சதவீதம் விழுந்தது. ஏன் என்று ஆண்டுக்கணக்கில் தெரியவில்லை. 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது: டைக்ளோஃபினாக். காப்புரிமை காலாவதியாகி விலை சரிந்த வலி மருந்து. நொண்டும் மாட்டுக்கும் மடி வீங்கிய மாட்டுக்கும் போட்டார்கள். மாடு செத்தால் கழுகு தின்றது. சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்து செத்தது.

2006-இல் அரசு கால்நடை டைக்ளோஃபினாக்கைத் தடுக்கத் தொடங்கியது. 2008-இல் அரசிதழில் தடை வந்தது. இங்கேதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி தலைகீழாகத் திரும்புகிறது. கால்நடைப் பிராண்டுதான் தடை. மனிதருக்கான குப்பி கடையில் தாராளமாகக் கிடைத்தது. ராணிக்குத் தைராக்சின் வாங்க எனக்கு உதவிய அதே சுதந்திரம், மாட்டுக்கு மனித டைக்ளோஃபினாக் வாங்கவும் உதவியது. 30 மில்லி குப்பியில் 750 மில்லிகிராம். 350 கிலோ மாட்டுக்கு இரண்டு தடவைக்கு வரும். நோயாளிக்கு ஒருமுறை போட 3 மில்லி போதும் என்கிறபோது 30 மில்லி குப்பி யாருக்காக? 2015-இல் மனித டைக்ளோஃபினாக் ஊசியை 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மருந்தைத் தடை செய்யவில்லை, மனிதருக்குத் தட்டுப்பாடும் இல்லை. மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் ஐந்து ஆம்பூல் உடைக்க வேண்டும், அவ்வளவுதான். மலிவை உடைத்தே வழக்கத்தை உடைத்த இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துக் கம்பெனிகள் எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. பிறகு 2023 ஜூலையில் கீட்டோப்ரோஃபன், அசிக்ளோஃபினாக், 2024 டிசம்பர் இறுதியில் நிமிசுலைடு என்று கால்நடைத் தடைப் பட்டியல் நீண்டது. மாயாறு வட்டாரத்தில் பாறு கழுகுகளுக்காக உழைக்கும் அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மாற்று மருந்து மெலாக்சிகம். இப்போது அதுவும் மூலப்பெயரில் மலிவாகக் கிடைக்கிறது.

கழுகு போனதால் யாருக்கு நட்டம்? ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். கழுகுகள் அற்றுப்போன பகுதிகளில் 2000-க்கும் 2005-க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்பது அவர்கள் முடிவு. அழுகிய உடல்கள் தண்ணீரைக் கெடுத்தன. கழுகு தின்னாததைத் தெருநாய் தின்றது. நாய் பெருகியது, வெறிநோய் அச்சமும் கூடவே பெருகியது. மாட்டுக்கு மிச்சம் பிடித்த சில ரூபாய் நாய்க்கடி ஊசியாகத் திரும்பிவந்தது.

மாட்டுக்காரர்கள் செலவைக் குறைக்க வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி உழைத்து நிலைநிறுத்திய மரபுவழி மருத்துவத்தில், மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து ஒரு நாளில் பத்துமுறை பூசச் சொல்கிறார்கள். தேசிய பால்வள வாரியமே இதைப் பரப்புகிறது. நோய் முற்றி, மடி கறுத்துச் சில்லிட்டுப்போன மாட்டுக்கு இது உதவாது; தொடக்கத்திலேயே பிடித்தால் ஆன்டிபயாட்டிக் செலவும், பாலைக் கொட்டும் செலவும் குறையும்.

அரசு மலிவு என்றும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மனித மருத்துவமனைகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு விலையை நசுக்குவது ஊரறிந்தது. அரசுக் கால்நடை மருந்தகங்களுக்கான மருந்துகளையும் அதே கழகம் கொள்முதல் செய்வது பலருக்குத் தெரியாது. அந்த மருந்தகங்களில் நாய், பூனைக்கும் வைத்தியம் உண்டு. சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது; பெரிய சிக்கலென்றால் நாமக்கல் கல்லூரி மருத்துவமனை. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசியை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். 2025 மார்ச் 5 அன்று மத்திய அமைச்சரவை 'பசு ஔஷதி' என்ற பெயரில் கால்நடைக்கும் மூலப்பெயர் மருந்துத் திட்டத்தை ஏற்றது. 3,880 கோடி ரூபாய்க் கால்நடை நலத் திட்டத்தில் இதன் பங்கு 75 கோடி. கூட்டுறவு அமைப்புகள் வழியாக விற்பது ஏற்பாடு. கொங்கில் பால் சங்கம் இல்லாத ஊர் எது? சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு மருந்தோடு திரும்பும் நாள் வந்தால் மாட்டுக்காரருக்கு அலைச்சலும் குறையும். நாய்க்காரர் நிலைமை வேறு. அவர் நம்புவது மூலப்பெயரையும் மெடிக்கலையும்தான்.

ஆறு வாரம் கழித்து ராணிக்கு ரத்தப் பரிசோதனை. மாத்திரை கொடுத்த 4 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏற்றினோம். இந்தப் பரிசோதனைக்கு ஆகிற காசை மிச்சம் பிடிக்கலாமென்று நான் ஒரு கணம் நினைத்ததுண்டு. தைராக்சின் அளவு தேவைக்கு மேல் இருந்தது. எடையும் முப்பதிலிருந்து இருபத்தேழாக இறங்கியிருந்தது. மருத்துவர் 600-ஐ 450 ஆக்கினார். வேளைக்கு நான்கு மாத்திரை மூன்றானது. கால்பங்கு செலவு குறைந்தது. எந்தக் கடைத் தள்ளுபடியும் எனக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

புதுச் சீட்டோடு மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"என்னங்க, ராணி இளைச்சுட்டாளா?" என்றார்.